தண்ணீரில் கண்டம்

பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் பெரம்பலூருக்குக் கடற்கரை இருந்தது. ரியல் எஸ்டேட் தொழில் அப்போது தொடங்கப்படாததால் ‘கடல் பார்த்த மனை’ எதுவும் விற்பனைக்கு வரவில்லை. வந்திருந்தாலும் பத்திரம் செல்லாது. கரை ஓரிடத்தில் நின்றால்தானே? கடல் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். ஊட்டத்தூர், காரை, அரியலூர் பக்கமெல்லாம் நாலு கோடி ஆண்டுகளுக்கு மேல் இந்தப் போக்குவரத்து நடந்தது.

அந்தக் கடலின் பெரிய மனிதர்கள் அம்மோனைட்டுகள். வெளியே நத்தை போல் சுருண்ட ஓடு. உள்ளே இருந்தவரோ கணவாய்க்கு உறவுக்காரர். காரையின் செம்மண் ஓடைகளில் இன்றும் மழை பெய்தால் யாராவது ஒருவர் தலை நீட்டுவார்.

இவர்களை முதலில் முறையாக விசாரித்தவர்களில் ஒருவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காக இந்த வட்டாரத்தை அளந்து 1862இல் அறிக்கை போட்டார். ஓடுகளை ஒவ்வொன்றாகப் பெயர் வைத்து விவரிக்கும் வேலை மொராவியாவிலிருந்து வந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்காவுக்கு. 1873 வரை தடித்தடியாகப் புத்தகம் வந்தது.

சிக்கல் அங்கேதான் ஆரம்பம். நம்மூர்ச் சங்கு சிப்பிகளுக்கு ஜாடைப் பொருத்தம் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இருந்தது. இதே இந்தியாவில் இருக்கும் நர்மதைப் பள்ளத்தாக்குச் சிப்பிகளோ முகம் கொடுத்துப் பேசவில்லை. அவை ஐரோப்பா பக்கம் சாய்ந்தன. பக்கத்து வீட்டோடு பேச்சில்லை, கடல் தாண்டிக் கொடுக்கல் வாங்கல். என்ன குடும்பம் இது?

அந்தக் காலத்து விஞ்ஞானிகளிடம் இதற்கு ஒரே மருந்து: ஒரு கண்டத்தைப் போடு, பிறகு மூழ்கடி. 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர், லெமூர் என்ற பிராணிக்கு மடகாஸ்கரிலும் அதன் சொந்தங்களுக்கு இந்தியாவிலும் வீடு இருப்பதைப் பார்த்து, இடையில் லெமூரியா என்றொரு கண்டத்தை நட்டார். 1875இல் பிளான்ஃபோர்டும் இந்தியாவிலிருந்து ஆப்பிரிக்கா வரை ஒரு பெருநிலம் கிடந்ததாக வாதாடினார். நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? லெமூரைக் காலி செய்துவிட்டுத் தமிழனைக் குடிவைத்துக் குமரிக்கண்டம் என்று பெயர்ப்பலகை மாட்டினார்கள்.

அரியலூர்க் கடலுக்கும் நர்மதைக் கடலுக்கும் நடுவே நிலம் தடுத்தது நிஜம். ஆனால் அது மூழ்கவில்லை, நகர்ந்தது. இதை 1912இல் வெக்னர் என்ற விஞ்ஞானி சொன்னபோது பெரியவர்கள் சிரித்தார்கள். சிரித்து முடிக்க 1960கள் ஆகின. ஆப்பிரிக்காவும் மடகாஸ்கரும் இந்தியாவும் கோண்ட்வானா என்ற கூட்டுக் குடும்பத்தில் இருந்தவை. பாகப்பிரிவினையில் மடகாஸ்கரும் இந்தியாவும் கடைசியாகக் கைவிட்டுக்கொண்டது ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன். அதற்குப் பிறகு அரியலூர், தன் மேல் ஏறியிருந்த உயிர்களையெல்லாம் சுமந்துகொண்டு வடக்கே கிளம்பிவிட்டது. யாரும் டிக்கெட் எடுக்கவில்லை.

பயணிகளில் சிலர் அரியலூர்ப் பக்கத்துக் கல்லமேட்டில் இறங்கினார்கள். 2013இல் அங்கே கிடைத்த ஒரு முதலைப் பல், மடகாஸ்கரின் சிமோசூக்கஸ் ஜாடையில் இருந்தது. சிமோசூக்கஸ் சப்பை மூக்கோடு இலைதழை தின்ற முதலை. சைவமாகவே போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு ட்ரூடான்டிட் என்ற டைனோசர் வகையின் பல்லும் வந்தது. அதன் தெரிந்த சொந்தபந்தமெல்லாம் வடக்குக் கண்டங்களில். பிரிவினைக்கு முன்பே உலகெங்கும் பரவிய குடும்பமா, தீவு தீவாகத் தாவி வந்ததா என்று பஞ்சாயத்து ஓடுகிறது.

இதே கல்லமேட்டில்தான் பிருகத்காயோசாரஸ் என்ற டைனோசர் எழுந்தருளியது. 1989இல் அறிவித்தபோது அது மாமிசபட்சிணி. கீழ்க்கால் எலும்பே இரண்டு மீட்டர் என்றதும் தாவரபட்சிணி ஆக்கினார்கள். பிறகு, இது எலும்புதானா, கல்லான மரமா என்று ஒரு சந்தேகம். இதே வட்டாரத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் கல்மரம் படுத்துக் கிடக்கையில் சந்தேகப்பட்டவரைக் குறை சொல்ல முடியாது. சரி, எடுத்துப் பார்க்கலாம் என்றால் எலும்பு பொடிந்து மண்ணாகிவிட்டது. உலகின் மிகப் பெரிய விலங்குப் பட்டியலில் இன்றும் அடிபடுகிற அந்தப் பெயருக்குக் காட்ட ஒரு துண்டுகூட இல்லை.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு அம்மோனைட்டுகளின் ஆட்டமும் முடிந்தது. அம்மோனைட் படிவுகளுக்கு மேலே உள்ள நின்னியூர்ப் படிவுகளில் நாட்டிலஸ் வகைச் சங்கு மட்டும் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது. கடல்மட்டத்தில் மிதந்த பொடிக் குஞ்சுகளை நம்பிய குடும்பம் அழிந்தது, ஆழத்தில் பெரிய முட்டையிட்ட குடும்பம் பிழைத்தது என்கிறார்கள். அறிவு, வீரம், வம்சப் பெருமை எதற்கும் மதிப்பெண் கிடையாது. எங்கே நின்றாய் என்பது ஒன்றுதான் கேள்வி. கல்லங்குறிச்சிச் சிப்பிகள் சுண்ணாம்புப் படுகையில் நின்றன. ஆகவே அரியலூர் சிமென்ட் ஆகி, தமிழ்நாடு முழுக்க மாடி வீடாகப் பரவிவிட்டன.

2020 அக்டோபரில் பெரம்பலூர்ப் பக்கம் குன்னத்து ஏரியில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப் அடைகாத்தது. அம்மோனைட்டைச் சுற்றிப் படிந்த உருண்டைகள் என்று நிலவியலாளர்கள் சொன்னதும், இவ்வளவுதானா என்று ஊர் கலைந்துவிட்டது. நேட்டாலோடு சம்பந்தம் பேசி, இல்லாத ஒரு கண்டத்தையே கடலில் மூழ்கவைத்த ஆசாமிக்குப் பெரம்பலூரில் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். முட்டையாக இருந்திருந்தால் இந்நேரம் கோயிலே கட்டியிருப்போம், அதே சிப்பி சிமென்ட்டில்.