டியூவை முன்னாடியே முடிக்க நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள்

போன் வாங்கிய கடனை மொத்தமாக அடைத்துவிடலாம் என்ற எண்ணம் பெரும்பாலும் தீபாவளி போனஸ் வந்த மறுநாளோ, சீட்டு எடுத்த அன்று ராத்திரியோதான் தலைதூக்கும். பதற வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள். விடிந்தும் போகவில்லை என்றால் மேலே படியுங்கள்.

கடன் வாங்கிய நாளை முதலில் மறந்துவிட வேண்டும். கடையின் மூலையில் ஃபைனான்ஸ் கம்பெனி டி-ஷர்ட்டோடு உட்கார்ந்திருந்த தம்பி ஆதார் கேட்டார், பான் கார்டு கேட்டார், முகத்தைப் படம் பிடித்தார், வந்த ஓடிபியையெல்லாம் சொல்லச் சொன்னார். டீ ஆறுவதற்குள் போன் உங்கள் கையில். அதே தம்பியிடம் போய், "மிச்சத்த முழுசா கட்டிடறேன் தம்பி" என்று சொல்லிப் பாருங்கள். "அதெல்லாம் இங்க இல்ல சார், கஸ்டமர் கேர்ல பேசுங்க" என்பார், அடுத்தவருடைய ஆதாரை வாங்கிக்கொண்டே.

பேசுவதற்கு முன், உங்களுடையது எந்த ரகக் கடன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 'ஜீரோ காஸ்ட் இஎம்ஐ' என்றால் உங்கள் நல்லெண்ணத்துக்கு அங்கே வேலையே இல்லை. 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி, பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. வட்டி உண்டு, அதைப் போன் கம்பெனியோ கடையோ ஏற்றுக்கொள்கிறது, அல்லது கையில் காசு கொடுத்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடி அதற்குப் போய்விடுகிறது. ஆக, 24,000 ரூபாய் போனை மாதம் 2,000 வீதம் வாங்கி ஐந்து டியூ கட்டியிருந்தால், பாக்கி 14,000. இன்று கட்டினாலும் 14,000, ஏழு மாதம் இழுத்தாலும் 14,000. இன்றே கட்டினால் கூடுதலாக ஒரு கௌரவம் கிடைக்கும்: முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணம். அது 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 560 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 100 ரூபாய் 80 காசு. அந்த 14,000-ஐ இரண்டரை சதவீத வட்டி தரும் சேமிப்புக் கணக்கில் போட்டு மாதாமாதம் டியூ கட்டியிருந்தால் 116 ரூபாய் வந்திருக்கும். நிம்மதிக்கு விலை இல்லை என்பார்களே, இதோ இருக்கிறது: 777 ரூபாய் சொச்சம்.

வட்டிக் கடன் என்றால் கதை வேறு. 20,000 ரூபாய்க்கு மாதம் ஒன்றரை வட்டி, பன்னிரண்டு மாதம் என்று கடையில் சொல்லியிருப்பார்கள். மாதம் 1,967 ரூபாய், மொத்த வட்டி 3,600. வருஷத்துக்கு 18 சதவீதம்தானே என்று நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் முழு 20,000-க்கும் போட்டிருப்பதால், உண்மையில் அது 32 சதவீதத்தை ஒட்டி வரும். 2024 அக்டோபர் முதல் இந்த வருடாந்திரச் செலவு விகிதத்தை எழுதிய உண்மைத்தகவல் தாளைக் கடன் தருபவர் கொடுத்தாக வேண்டும். ஓடிபி சொல்லும் அவசரத்தில் அதைப் படித்தவர் யாரையும் எனக்குத் தெரியாது.

வட்டியில் பெரும்பங்கு முதல் சில மாதங்களிலேயே கழிந்துவிடும். மூன்றாவது டியூவோடு முடித்தால், அதே 4 சதவீதக் கட்டணமும் வரியும் போக 1,390 ரூபாய் போல மிஞ்சும். எட்டாவது டியூவுக்குப் பிறகு ஞானம் வந்தால் மிஞ்சுவது 145. தீபாவளிக்குப் போன் வாங்கி அடுத்த ஆடியில் கடனை முடிக்கிறவர்கள் அந்த 145-ல் இரண்டு பேருக்குப் பிரியாணி கிடைக்குமா என்று விசாரித்துக்கொள்ளவும். 2026 ஜனவரி முதல் முன்கூட்டிக் கட்டக் கட்டணம் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறதே என்று சட்டம் பேசுவீர்கள். அது வீட்டுக்கடன் மாதிரியான மாறும் வட்டிக் கடன்களுக்கு. உங்கள் போன் டியூவின் வட்டி அசையாது.

இனி தொலைபேசி. தமிழுக்கு ஒன்றை அழுத்தி, கணக்கு எண்ணைச் சொல்லி, பாட்டுக் கேட்டு முடித்ததும் ஒரு பெண் வருவார். "ஏன் சார் க்ளோஸ் பண்றீங்க? ஏதாவது பிரச்சனையா?" விவாகரத்து கேட்டு வந்தவரிடம் குடும்ப நீதிமன்ற ஆலோசகர் பேசுகிற தொனி. "கையில காசு இருக்கும்மா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். காசு இருப்பவருக்குத்தான் கடன் என்பது இந்தத் தொழிலின் அடிப்படை. அடுத்த நொடியே மூன்று லட்சம் பர்சனல் லோன் உங்கள் பெயருக்குத் தயாராக இருப்பதாகத் தெரியவரும். மறுத்தால் சிபில் வரும். "இப்ப முடிச்சா ஸ்கோர் குறையலாம் சார்." 300-லிருந்து 900 வரை போகும் அந்த எண் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பதை எல்லாரும் விளக்குவார்கள், ஆளுக்கு ஒரு விதமாக. அசையாமல், "முடிப்புத் தொகை எவ்வளவு, எந்தத் தேதி வரை செல்லும், எழுத்தில் அனுப்புங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

தேதி முக்கியம். ஐந்தாம் தேதி டியூ என்றால் மூன்றாம் தேதி முடிக்காதீர்கள். வங்கியில் தானாகப் பிடிக்கும் உத்தரவு அதற்குள் கிளம்பிப் போயிருக்கும். கடன் முடிந்தது அதற்குத் தெரியாது. கணக்கில் காசு இல்லாவிட்டால், இல்லாத கடனுக்கு உங்கள் வங்கி பவுன்ஸ் கட்டணம் பிடித்துவிடும். அதனால் டியூ பிடித்த மறுவாரம் முடியுங்கள். பாக்கி இல்லை என்ற என்ஓசி கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். அந்த உத்தரவை ரத்து செய்யச் சொல்லுங்கள், நீங்களும் வங்கியில் ரத்து செய்யுங்கள். தவணை தவறினால் போனைப் பூட்டும் செயலி ஏதாவது உள்ளே இருந்தால் அதையும் எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால், கடனை அடைத்த போனிலிருந்தே, கடனை அடைத்ததாகச் சொல்ல முடியாமல் போகும்.

இத்தனையும் செய்த பிறகும் அடுத்த ஐந்தாம் தேதி 1,967 ரூபாய் பிடித்துவிட்டார்கள் என்றால் மறுபடி தமிழுக்கு ஒன்றை அழுத்துங்கள். ஏழு வேலை நாளில் திரும்ப வரும் என்பார்கள். சரி என்று சொல்லுங்கள். அதற்கான செயலாக்கக் கட்டணத்தை அவர்கள் இப்போதே கட்டுகிறார்களா, டியூவில் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டுவிட்டு.