வேணாங்கிற மாப்பிள்ளைக்கு

வா மாப்ள, உக்காரு. நீ சொல்லவே வேணாம், சேதி உனக்கு முன்னாடியே வந்துருச்சு. கீரமங்கலம் பூ கமிஷன் கடையில நாய் குட்டி போட்டிருந்துச்சாம். அதுல ஒண்ண எக்ஸெல் வண்டியில பூச்சாக்குக்குள்ள வச்சு ஆலங்குடிக்குக் கொண்டாந்தியாம். கொத்தமங்கலத்துல வண்டிய ஓரங்கட்டி, சாக்குக்குள்ள கைய விட்டு மூச்சு வருதான்னு தடவிப் பாத்தியாம். டீக்கடையில நின்னவன் சொன்னான். உங்கிட்டக் கேட்டா, "எனக்கு நாய்னாலே ஆகாது மாமா, மக அழுதுச்சு, அதான்"ங்கிற. ஆகாதவனுக்கு அது மூச்சு விட்டா என்ன, விடாட்டி என்னடா?

கோவிச்சுக்காத. ஆசைப்பட்டு நாய் வாங்குறவன நான் நம்புறதே இல்ல. வேணாம் வேணாம்னு கத்திக்கிட்டே வாங்குறவனத்தான் நம்புவேன். ஆசைக்காரன் மொத வாரம் நூறு போட்டோ எடுப்பான், ரெண்டாவது வாரம் பெல்ட்டு வாங்குவான், ஆறாவது மாசம் மொட்டமாடியில கட்டிப்போட்டுட்டுக் கீழ டிவி பாப்பான். புதுக்கோட்டையில பாக்குறேன்ல, சைபீரியாவுல பனியில வண்டி இழுக்குற நாய சித்திரை வெயில்ல கொண்டாந்து ஏசி போட்டு வச்சிருக்கான். கரண்டு போச்சுன்னா நாய்க்கு நாக்கு தள்ளுது, அவனுக்கு மானம் தள்ளுது. வேணாங்கிறவன் அப்புடியில்ல. செலவு எம்புட்டு ஆகும், கடிச்சா என்ன பண்றது, செத்துப்போனா யாரு அழுறதுன்னு அவனுக்கு எல்லாத்துக்கும் பயம். பயப்படுறவன்தான் நாலு பேர்கிட்டக் கேப்பான். இந்தா, எங்கிட்ட வந்துட்டேல்ல?

குட்டிக்கு எத்தன நாளாச்சு? கண்ணு தொறக்கவே பத்து பன்னெண்டு நாளாகும், அதச் சொல்லல. தாய விட்டுப் பிரிக்கணும்னா எட்டு வாரமாவது ஆயிருக்கணும். எட்டு வாரம் ஆகாத குட்டிய விக்கக் கூடாதுன்னு 2017-லயே டெல்லியில விதி போட்டுட்டான். உனக்குச் சும்மா குடுத்தாங்க, விதி உன்னையக் கேக்காது. வயித்தால போறப்ப குட்டி கேக்கும்.

அந்தப் பூச்சாக்க மட்டும் தொவைச்சுப்புடாத. மல்லிகை வாசமும் மூத்திர வாசமும் கலந்து உன் பொண்டாட்டிக்கு ஒமட்டத்தான் செய்யும். ஆனா தாய் படுத்த வாசம் இந்த ஊருலேயே அது ஒண்ணுலதான் இருக்கு. மொத ராத்திரி கத்தும் மாப்ள. கூடப்பொறந்ததுக மேல காலப் போட்டுத் தூங்குன குட்டி, தனியாப் படுத்ததே இல்ல. நீ என்ன பண்ணுவன்னு நான் சொல்லட்டா? பத்து மணிக்கு "சனியன், தூங்க விடுதா பாரு"ன்னு கத்துவ. பன்னெண்டு மணிக்குத் தண்ணி குடிக்கிற சாக்குல எந்திரிச்சுப் போவ. அட்டப்பெட்டிக்குள்ள ஒன் பழைய கைலிய மடிச்சுப் போடுவ. ரெண்டு மணிக்கு அந்தப் பெட்டி உன் கட்டிலுக்கடியில இருக்கும், உன் கை ஒண்ணு கீழ தொங்கும். காலையில வீட்டுல கேட்டா, அக்கம்பக்கத்துக்காரன் திட்டுவான்னு தூக்கியாந்தேன்னு சொல்லு. மூஞ்சிய மட்டும் கடுகடுன்னு வச்சுக்க, நம்பிருவாக.

பொட்டக்குட்டியா? நெனச்சேன். கடுவன எல்லாம் மொத நாளே ஆள் வச்சுத் தூக்கிட்டுப் போயிருப்பாங்க. மிச்சம் கெடந்தது இதா இருக்கும். பொட்டக்குட்டின்னா கொளத்தங்கரையில விட்டுட்டு வந்துர்ற ஊருதானப்பா இது. அப்பறம் பஸ் ஸ்டாண்டுல நாய்த்தொல்லைன்னு மனு எழுதிக் குடுக்குறதும் அதே ஆளுதான். 2025 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்டு டெல்லித் தெருநாய பூராம் புடிச்சு அடைங்கன்னு சொல்லுச்சு. பதினோரு நாள்ல அதை மாத்தி, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணி, ஊசி போட்டு, புடிச்ச எடத்துலயே விடுங்க, வெறி புடிச்சதையும் பாஞ்சு கடிக்கிறதையும் மட்டும் விடாதீகன்னு சொல்லுச்சு. ரெண்டு தீர்ப்புக்கும் ஊரெல்லாம் சண்ட போட்டாக. அந்த நாய்க்கெல்லாம் பாட்டி யாரு வீட்டுல பொறந்துச்சுன்னு ஒருத்தனும் கேக்கல.

அதனால ஒண்ணு செய்யி. ஆறு மாசம் வாக்குல மாட்டாஸ்பத்திரி டாக்டரக் கேட்டு இதுக்கும் ஆபரேஷன் பண்ணிப்புடு. பண்ணலேன்னா என்னாகும்னு தெரியும்ல? வருசத்துக்கு ரெண்டு தடவ ஆலங்குடிக் கடுவன் அம்புட்டும் உன் வாசல்ல வந்து நிக்கும். நீ வேலைக்குப் புதுக்கோட்டை பஸ் ஏறப் போறப்ப பின்னாடியே ஒரு ஊர்வலம் வரும். எலக்சன்ல நின்னிருந்தாக்கூட உனக்கு இம்புட்டுக் கூட்டம் சேந்திருக்காது. அறுபத்து மூணாம் நாளு ஆறோ ஏழோ போட்டுரும், நீ பூச்சாக்கத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு வாசலா அலையணும்.

ஊசி வெசயம் சொல்றேன், இதக் கிண்டல்னு விட்டுறாத. ஆறு வாரத்துலேருந்து எட்டு வாரத்துக்குள்ள மொத தடுப்பூசி. பார்வோன்னு ஒண்ணு இருக்கு. வந்தா வாந்தி, அப்பறம் ரத்தமா வயித்தால போகும், ரெண்டு மூணு நாள்ல குட்டிய முடிச்சிரும். அந்தக் கிருமி மண்ணுல மாசக்கணக்காக் கெடக்குமாம். அதனால ஊசியெல்லாம் போட்டு முடிக்கிற வரைக்கும் தெருவுல எறக்கி "பாரு எங்க வீட்டு நாய"ன்னு நடை பழக்காத. பூச்சி மருந்தும் டாக்டரு சொல்ற கணக்குல குடு. மூணு மாசம் ஆனதும் வெறிநாய் ஊசி, அப்பறம் டாக்டரு சொல்ற நாளுல இன்னொண்ணு, அதுக்கு மேல வருசா வருசம். செப்டம்பர் 28 வெறிநாய்க்கடி நாளு. அன்னைக்கு மாட்டாஸ்பத்திரிகள்ல பைசா வாங்காமலே போடுறதுண்டு. நீ காசு எண்ணுற ஆளு, அந்தத் தேதிய காலண்டர்ல குறிச்சு வைக்காமயா இருப்ப?

எங்கப்பா காலத்துல நாய் கடிச்சா தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி. ஆட்டு மூளையில செஞ்ச மருந்து. கடிச்ச நாயை விட ஊசியத்தான் நெனச்சு நெனச்சுச் சாவாங்க. அதுக்கும் முன்னாடி அந்த ஊசிக்கே வழியில்ல. 1900-ல கசௌலின்னு இமயமலைப் பக்கத்து ஊருலதான் மொத ஆஸ்பத்திரி வச்சான் வெள்ளக்காரன். 1902-ல தெக்க ஒரு வெள்ளக்கார அம்மாவ நாய் கடிச்சு, நேரத்துக்கு வைத்தியம் கெடைக்காம செத்துப்போனாக. அதுக்கப்பறம்தான் அமெரிக்கப் பணக்காரரு ஒருத்தரு குடுத்த காசுல 1907-ல குன்னூர்ல பாஸ்டர் இன்ஸ்டிடியூட் தொறந்தாங்க. ஒரு தொரசாணி செத்தப்பறம்தான் நமக்கு ஊசி வந்துச்சு பாத்துக்க.

இப்ப அந்தப் பதினாலு கெடையாது. ஆனா உன் குட்டிக்கு நாலாவது மாசம் பால் பல்லு விழுந்து புதுப் பல்லு மொளைக்கும், அப்பக் கையில கெடைக்கிறத எல்லாம் கடிக்கும். செருப்பு, கேட்டு, உன் மக கை. லேசாப் பல்லு பட்டாலும், நகம் கீறி ரத்தம் வந்தாலும், ஓடுற தண்ணியில சோப்புப் போட்டுக் கா மணி நேரம் கழுவு. உங்க அத்தை மெளகாப்பொடியத் தூக்கிக்கிட்டு ஓடியாருவா, சுண்ணாம்பு தடவலாம்பா. அவள உள்ள தள்ளிக் கதவச் சாத்து. நேரா ஆரம்ப சுகாதார நெலையம் போ. அன்னைக்கு ஒண்ணு, மூணாம் நாளு, ஏழாம் நாளு, இருபத்தெட்டாம் நாளு. கையில தோலுக்குள்ள போடுற சின்ன ஊசி, இலவசம். ஆழமாக் கடிச்சிருந்தாக் காயத்துலயே இன்னொரு மருந்தும் போடுவாங்க. நம்ம வீட்டு நாய்தானேன்னு ஒக்காந்துறாத. வெறி வந்துருச்சுன்னா மருந்து இல்ல மாப்ள, மனுசனுக்கும் இல்ல, நாய்க்கும் இல்ல. இதுல மட்டும் நான் வெளையாடல.

சோறு பெரிய வித்தையில்ல. பசும்பாலக் கிண்ணம் கிண்ணமா ஊத்தாத, பீச்சியடிக்கும், நீதான் அள்ளணும். கொழைஞ்ச சோறு, வேகவச்ச ஈரல், முட்டை, கொஞ்சம் தயிரு. கொழம்பு ஊத்துன சோறு வேணாம், வெங்காயம் நாய்க்கு ரத்தத்தக் கெடுக்கும். திராச்சை ஆகாது, உன் மக திங்கிற சாக்லேட்டு ஆகவே ஆகாது. வெந்த கோழி எலும்பு உள்ள போயி ஊசியாக் குத்தும். ஞாயித்துக்கெழம கறி திங்கிறப்ப உன்னையவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும் பாரு, அப்ப மனசக் கல்லாக்கிக்க. முடியாது உன்னால. அதனால எலும்ப எடுத்துட்டுக் கறிய மட்டும் குடு, யாரும் பாக்காத நேரமாப் பாத்து.

என்ன சாதின்னு யாராச்சும் கேட்டா நாட்டு நாய்னு நெஞ்ச நிமித்திச் சொல்லு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பைன்னு நம்ம பக்கம் பேரு வாங்குன நாய்க உண்டு. ராஜபாளையத்துக்கு 2005-ல தபால் தலையே போட்டாக. உன் குட்டி மூஞ்சிய தபால் தலையில போட மாட்டான். ஆனா வெயிலும் தாங்கும், செம்மண்ணுல பொரண்டாலும் நெறம் மாறாது. மாட்டுக் கொட்டகைப் பக்கம் மட்டும் விடாத, உண்ணி ஏறிரும். காதுக்குள்ளயும் கால் விரல் இடுக்குலயும் தெனம் பாரு.

நம்ம ஆளுக நாயப் பத்திச் சொன்ன பழமொழி அம்புட்டும் ஏச்சுதான். குளிப்பாட்டி நடுவீட்டுல வச்சாலும்னு ஆரம்பிச்சு ஆயிரம் சொல்லி வச்சிருக்காக. வாயி அப்புடி. கை வேற. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூர்னு ஒரு ஊரு, அங்க ஒரு நடுகல்லு இருக்கு, மகேந்திரவர்ம பல்லவன் காலத்துது, ஏழாம் நூத்தாண்டு. மாட்டுச் சண்டையில செத்த ஒரு வீரனுக்கு வச்ச கல்லு. அவன் பக்கத்துலயே அவன் நாயையும் செதுக்கியிருக்கு. நாய் பேரு கோவிவன். ரெண்டு திருடனக் கடிச்சு அந்த நாய் காவல் நின்ன சேதியையும் கல்லுலயே வெட்டியிருக்கு. நம்ம ஊரு தமிழ் வாத்தியாரு சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆயிரத்து நானூறு வருசமாவுது, ராசாவுக்கு வரி கட்டுன எத்தனையோ பேரு பேரு போயிருச்சு, நாய் பேரு நிக்கிது. அந்தக் கல்ல வெட்டச் சொன்னவனும் மொதல்ல "எனக்கு நாயே ஆகாது"ன்னுதான் சொல்லியிருப்பான்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பேரு என்ன வைக்கப் போறீக? உன் மக பிரௌனிங்குதாம், உன் பொண்டாட்டி லட்சுமிங்குதாம். நீ "ஏ நாயி"ன்னு கூப்புடுறதாச் சொன்னாக. கூப்புடு, கூப்புடு. மூணு பேருல எதுக்கு மொதல்ல வாலாட்டுதுன்னு பாத்துட்டு எங்கிட்ட வந்து சொல்லு.

அடுத்த மாசம் காரைக்குடியில கல்யாணம் வருதுல்ல, ரெண்டு நாளு தங்கணும்ல? நீ வரலைன்னு சொல்லப் போற. ஆபீஸ்ல லீவு இல்லம்ப, முதுகு வலிம்ப. காரணம் எனக்குத் தெரியும், உன் சம்சாரத்துக்கும் தெரியும். போயிட்டு வா, நான் பாத்துக்கிறேன். அது சோத்துக்கு வாங்குற முட்டையில எனக்கும் ஒண்ணு சேத்து வாங்கி வச்சிட்டுப் போ, எண்ணிப் பாக்காத.