நாக்கும் நாற்காலியும்

கேள்வி: எங்கள் தொகுதியில் ஜெயித்த க.பொன்முடி வாயைத் திறந்தாலே வம்புதான். அவர் சாமர்த்தியசாலியா, அவசரக்காரரா?
(வாசகர், திருக்கோவிலூர்)

பதில்: 2016, 2021 என இரண்டு முறை ஓட்டுப் போட்டு அனுப்பிவிட்டு என்னைக் கேட்கிறீர்களே!

கட்டணமில்லாப் பேருந்தில் போகும் பெண்களைப் பார்த்து 2022-ல் 'ஓசி' என்றார். சொந்த ஆட்சியின் திட்டத்துக்குச் சொந்த அமைச்சரே வைத்த வேட்டு. கோவையில் ஒரு மூதாட்டி, காசு கொடுத்துத்தான் போவேன் என்று கண்டக்டரிடம் அடம்பிடித்தார். இதில் சாமர்த்தியம் எங்கே?

2025 ஏப்ரல் இன்னும் மோசம். சைவ, வைணவக் குறிகளைப் பாலியல் தொழிலோடு முடிச்சுப் போட்டு ஓர் ஆபாச ஜோக். பெரியார் கடவுளைக் கேட்ட கேள்விகளில் தர்க்கம் இருந்தது. இதில் பெண்களை மட்டம் தட்டியதுதான் மிச்சம். அதுவும் எந்த ஊர்க்காரர்களின் பிரதிநிதி? ஒரு பக்கம் உலகளந்த பெருமாள், இன்னொரு பக்கம் அட்டவீரட்டத்தில் ஒன்றான வீரட்டேசுவரர். இரண்டு கோயில் வாசலிலும் ஓட்டுக் கேட்டாக வேண்டிய மனிதர், ஒரே மூச்சில் இரண்டு பேரையும் உரசினார்! சொந்தக் கட்சியான திமுகவின் கனிமொழியே கண்டித்தார். துணைப் பொதுச்செயலாளர் பதவி உடனே பறிபோனது. மாதக் கடைசியில் அமைச்சர் பதவியும்.

சரி, அவசரக்காரர்தான் என்று எழுதப் போனால், அதே ஆண்டு நவம்பரில் கட்சிப் பதவி திரும்பி வந்துவிட்டது. விழுப்புரம் வட்டாரத்தில் அவரை ஒதுக்கிவிட்டுத் தேர்தல் வேலை பார்ப்பது கஷ்டம் என்று தலைமை கணக்குப் போட்டிருக்கலாம். அந்த வேரை ஊன்றியதில் கெட்டிக்காரர், மறுக்கவில்லை. மேடைக்கு மட்டும் யாராவது எழுதிக் கொடுத்த தாளோடு அனுப்பி வைக்கலாம்.