ஐந்து மில்லிமீட்டர் கால்குலஸ்

போன ஆடியில் அப்பாவுக்கு இடது விலாவுக்குக் கீழே சுரீரென்று பிடித்துக்கொண்டது. மன்னார்குடிக்கு அழைத்துப் போய் ஸ்கேன் எடுத்தோம். திரும்பும் வழியில் ஆட்டோவிலேயே உறையைப் பிரித்துப் படித்தேன். இடது சிறுநீரகத்தில் ஐந்து மில்லிமீட்டர் அளவில் ஒரு ‘ரீனல் கால்குலஸ்’ இருப்பதாகப் போட்டிருந்தது. என் கை நடுங்கியது. அப்பாவின் உடம்பை நினைத்து நடுங்கவில்லை என்பதை மகனாகச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

“என்னடா போட்டிருக்கு?”

“கால்குலஸ்னு போட்டிருக்குப்பா.”

அப்பா கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

“காலேஜ்ல நீ ரெண்டு தடவ கோட்டை விட்டியே, அதுவா?”

“அதே பேருதான்.”

“அது எப்படிடா என் வயித்துக்குள்ள வந்துச்சு?”

நியாயமான கேள்வி. லத்தீனில் கால்குலஸ் என்றால் கூழாங்கல். ரோமானியர்கள் சின்னக் கற்களை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள், பெயர் கணக்குக்கு ஒட்டிக்கொண்டது. உடம்புக்குள் விளையும் கல்லுக்கும் டாக்டர்கள் அதையே வைத்துக்கொண்டார்கள். இந்தக் கதை காவிரிப் பாசனத்தில் நடந்திருந்தால், உலகம் முழுக்க முதலாமாண்டுப் பிள்ளைகள் ‘புளியங்கொட்டை’ என்று ஒரு தாள் எழுதிக்கொண்டிருப்பார்கள். இவ்வளவையும் ஆட்டோ சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னேன். அப்பா முழுக்கக் கேட்டுவிட்டு, “கல்லுன்னே போட வேண்டியதுதானே?” என்றார்.

2009-இல் எனக்கும் இதேதான் பிரச்சினை.

நான் பிளஸ் டூ வரை தமிழ் வழி. கணக்கில் 200-க்கு 187. பெருமைக்காகச் சொல்லவில்லை, விழுவதற்கு ஓர் உயரம் வேண்டுமல்லவா? வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள் எல்லாம் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் இருந்தன. பெற்றோர் ஆசிரியர் கழகத்து வினா வங்கியை மூன்று முறை முடித்திருந்தேன். பத்து மதிப்பெண் கணக்கில் பக்க எண்ணைச் சொன்னால் விடையைச் சொல்வேன். கேள்வியைச் சொன்னால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

கவுன்சலிங்கில் ஒரு பொறியியல் கல்லூரி கிடைத்தது. முதல் செமஸ்டரில் எம்-ஒன், அதாவது மேத்தமேட்டிக்ஸ் ஒன்று. முதல் நாள் மேடம் வந்தார், சாக்பீஸை உடைத்தார், ‘எஃப் என்பது ஒரு ஃபங்ஷன் என்க’ என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். எங்கள் ஊரில் ஃபங்ஷன் என்றால் காதுகுத்து. மஞ்சள் நீராட்டாகவும் இருக்கலாம். அடுத்து ‘கன்டினியுவஸ் ஃபங்ஷன்’ என்றார். வைகாசியில் அப்படித்தான் வரும், மொய் எழுதியே அப்பா ஓய்ந்துவிடுவார். இந்த ஃபங்ஷன் நான் இரண்டு வருடம் சோறு தண்ணி இல்லாமல் படித்த ‘சார்பு’தான் என்று அந்த வகுப்பில் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பதற்கும் ஆங்கிலம் வேண்டும்.

ஒவ்வொரு சொல்லும் இப்படித்தான் முகமூடி போட்டுக்கொண்டு வந்தது. ‘என்வலப்’ என்றார், எனக்குத் தெரிந்தது தபால் உறை மட்டும். ‘எல்-ஹாஸ்பிடல் ரூல்’ என்றார். விடுதி விதிமுறைகள் மாதிரி ஆஸ்பத்திரிக்கும் ஏதோ இருக்கிறது போலும் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். அது எங்கள் புத்தகத்தில் ‘லோபிதாலின் விதி’ என்று கண்ணியமாக உட்கார்ந்திருந்த அதே விதி. எல்லாவற்றிலும் கொடுமை ‘இன்டகிரேஷன்’. பள்ளிக்கூடத்தில் ‘நேஷனல் இன்டகிரேஷன்’ கட்டுரைப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியவன் நான். தேசிய ஒருமைப்பாட்டைக் கரும்பலகையில் கறிக்கடைக் கொக்கி மாதிரி ஏன் வரைகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. சில நாள் ஒரு கொக்கி, சில நாள் இரண்டு. தொகையிடலுக்கும் அதே கொக்கிதானே, பார்த்ததும் தெரிய வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். ஊரில் பார்த்த ஆளைப் பட்டணத்தில் பேன்ட் சட்டையில் பார்த்தால் சட்டென்று தெரிகிறதா?

அக்டோபரில் ஒரு ராத்திரி என் அறைத்தோழன், தர்மபுரிக்காரன், அவனும் தமிழ் வழி, தகரப் பெட்டியின் அடியிலிருந்து பழைய பிளஸ் டூ புத்தகத்தை எடுத்தான். ஊர் ஞாபகத்துக்குக் கொண்டுவந்தானாம். சும்மா புரட்டிக்கொண்டிருந்தவன் எழுந்து உட்கார்ந்தான்.

“டேய், இது தொகையிடல்டா!”

இரண்டு மாதமாக எதிர்வீட்டில் குடியிருந்த முசுட்டு மனிதர் சொந்தத் தாய்மாமன் என்று தெரியவந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. விடிய விடிய உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகச் சொந்தம் கண்டுபிடித்தோம். டெரிவேட்டிவ் – வகைக்கெழு. டேன்ஜென்ட் – தொடுகோடு. கான்ஸ்டன்ட் – மாறிலி. சுவரில் பட்டியல் ஒட்டினோம். ஆனால் மாமனைக் கண்டுபிடித்தபோது அவர் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். செமஸ்டர் பரீட்சைக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

இரண்டு மதிப்பெண்ணில் பத்துக் கேள்வி, பதினாறு மதிப்பெண்ணில் ஐந்து. கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் ‘இம்பார்ட்டன்ட் சிக்ஸ்டீன் மார்க்’ என்று முப்பது பக்கம் கிடைக்கும். மூடியில்லாத பெட்டி, கொள்ளளவு 32 கன அலகு, தகரம் குறைவாகச் செலவாக வேண்டும், நீள அகல உயரம் என்ன என்று ஒரு கணக்கு தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருந்தது. நான்கு, நான்கு, இரண்டு. இத்தனை வருடத்தில் அந்தப் பெட்டிக்கு ஒருவரும் மூடி செய்து கொடுக்கவில்லை. ட்ரிபிள் இன்டகரலைச் சாய்ஸில் விட்டேன். ஒரு கொக்கியே தொங்கவிடுகிறது, மூன்றுக்கு நான் எங்கே போவேன்?

ரிசல்ட் வந்த ராத்திரி பிரவுசிங் சென்டரில் நாற்பது பேர். பக்கம் திறக்கவே ஒரு மணி நேரம் ஆனது. எனக்கு வந்தது ‘யு’. அந்த எழுத்து சினிமாவுக்குக் கிடைத்தால் குடும்பத்தோடு பார்க்கலாம். செமஸ்டருக்குக் கிடைத்தால் குடும்பத்துக்குக் காட்ட முடியாது. ஏப்ரல்-மேயில் மறுபடி எழுதினேன். மறுபடியும் யு.

அரியர் வைத்திருப்பவனுக்கு வரலாற்றில் ஆர்வம் வரும். யாரைத் திட்டுவது என்று தெரிய வேண்டுமே. நூலகத்தில் தேடினேன். ஒருவரல்ல, இருவர். 1665-இல் பிளேக் பரவி கேம்பிரிட்ஜை மூடியபோது நியூட்டன் கிராமத்துக்குப் போனார், அந்த விடுமுறையில் இதற்கு அஸ்திவாரம் போட்டார். எங்களுக்கும் மழை விடுமுறை விட்டார்கள். நாங்கள் போர்த்திக்கொண்டு தூங்கினோம், யாருக்கும் ஒரு தொந்தரவும் தரவில்லை. நியூட்டன் எழுதியதை அச்சில் விடாமல் வைத்திருக்க, லைப்னிட்ஸ் தனியாகக் கண்டுபிடித்து 1684-இல் வெளியிட்டார். யார் முந்தி என்று சண்டை. இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி 1712-இல் விசாரணைக் குழு போட்டது. சொசைட்டியின் தலைவர் நியூட்டன். குழுவின் அறிக்கையை மறைவில் இருந்து எழுதியவரும் அவரே. தீர்ப்பு யாருக்குச் சாதகம் என்று சொல்லத் தேவையில்லை. தன் இன்டர்னல் மார்க்கைத் தானே போட்டுக்கொண்டவர் என்ற வகையில் எனக்கு அவர்மேல் பொறாமை உண்டு.

ஆஸ்பத்திரிக்காரர் கதை இன்னும் அருமை. லோபிதால் பிரெஞ்சுப் பிரபு. யோஹான் பெர்னோலி என்ற இளைஞரோடு 1694-இல் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்: ஆண்டுக்கு 300 லிவ்ர் தருகிறேன், நீ கண்டுபிடிப்பதை எனக்கு எழுதி அனுப்பு, வேறு யாருக்கும் காட்டாதே. 1696-இல் அவர் வெளியிட்ட புத்தகம்தான் இந்தப் பாடத்தின் முதல் பாடநூல். விதி பெர்னோலியுடையது, பேர் பிரபுவுக்கு. காசு கொடுத்து நோட்ஸ் வாங்கிப் பேர் வாங்கியவர்! எங்கள் ஜெராக்ஸ் கடையில் படம் மாட்ட வேண்டிய மனிதர்.

கொக்கிக்கும் பதில் கிடைத்தது. 1675 அக்டோபர் 29 அன்று லைப்னிட்ஸ் தன் குறிப்பேட்டில் ‘சும்மா’ என்ற லத்தீன் சொல்லின் முதல் எழுத்தை நீட்டி இழுத்து எழுதினார். சும்மா என்றால் கூட்டுத்தொகை. அந்த எழுத்துதான் கொக்கி. ஆக ஐரோப்பாவில் சும்மா என்றால் கூட்டு; நம் ஊரில் சும்மா என்றால் சும்மா. நான் நம் ஊர்ப் பொருளிலேயே ஒரு வருடம் இருந்துவிட்டேன். பக்கத்துக் கேரளத்தில், நியூட்டன் பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்னால், 1530 வாக்கில், ஜ்யேஷ்டதேவர் முடிவிலாத் தொடர்களை நிரூபணத்தோடு ‘யுக்திபாஷா’வில் எழுதியிருக்கிறார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. எழுதியது மலையாளத்தில். அவரும் தாய்மொழி வழிதான் என்று தர்மபுரிக்காரன் மூன்று நாள் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

2010 தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். மூன்றாவது முயற்சிக்கு இன்னும் சில வாரம். வெளியே மழை, வயலில் சம்பா. திண்ணையில் ஜெராக்ஸைப் பரப்பி வைத்து, ‘தொகையிடலின் வரிசையை மாற்றுக’ என்ற கணக்கை முறைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு முறையும் என்னைக் கவிழ்த்தது அதுதான். அப்பா வெற்றிலையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

“யாரு வயலு இது?”

இடது பக்கம் நட்டுக்குத்தலாக ஒரு கோடு. மேலே சாய்வாக ஒரு நேர்கோடு. கீழே வளைந்து ஏறும் பரவளையம். வலது பக்கம் இரண்டும் ஒரு புள்ளியில் சேர்கின்றன. அப்பா விரலை வைத்தார். “இது ரோடு. இது வரப்பு. வளைஞ்சு போறது வாய்க்கா. சரி, உனக்கு என்ன வேணும்?”

எனக்கு விளையாட்டாக இருந்தது. “இப்ப ரோட்டுக்கு இணையா, நெடுக்க உழுதிருக்குப்பா. அதையே குறுக்க உழணும்னு கேள்வி.”

“நெடுக்க ஓட்டினா ஒவ்வொரு சாலும் வாய்க்கால்ல ஆரம்பிச்சு வரப்புல முடியும். ஒரே வேலை. குறுக்க ஓட்டினா ரோட்ல ஆரம்பிக்கும், சரி. முடியறது எங்க? கீழ்ப் பாதி வாய்க்கால்ல முட்டும், மேல் பாதி வரப்புல முட்டும். ரெண்டும் சேர்ற இடத்துக்கு நேரா கயித்தக் கட்டி, ரெண்டு துண்டா பிரிச்சுத்தான் ஓட்டணும்.” வெற்றிலையை மடித்தார். “இதுக்கா ரெண்டு தடவ பணம் கட்டின?”

இதுக்குத்தான். இரண்டு முறையும் நான் வயலைப் பிரிக்காமல் ஒரே துண்டாகக் குறுக்கே ஓட்டி, வாய்க்காலையும் வரப்பையும் சேர்த்து உழுது, அடுத்தவன் நிலத்துக்குள் போயிருக்கிறேன்.

“அது சரி, நடுவுல எக்ஸ் ஒய்னு என்னமோ எழுதியிருக்கே?”

“அது... இடத்துக்கு இடம் விளைச்சல்னு வச்சுக்குங்க. ரோட்டை ஒட்டி ஒண்ணுமே வராது. தள்ளிப் போகப் போகக் கூடும். வரப்பும் வாய்க்காலும் சேர்ற மூலையில ரொம்ப அதிகம்.”

அப்பா தலையாட்டினார். “ரோட்டோரம் ஆடு மாடு மேஞ்சிரும். அந்த மூலையில மடை இருக்கும், தண்ணி முதல்ல அங்கதான் பாயும். கணக்கு போட்டவன் வயல் வச்சிருந்தவன்தான்.”

டிசம்பரில் அதே கணக்கு வந்தது. எப்போதும் வருவதுதான். விடைத்தாளில் முதலில் ரோடு போட்டேன், பிறகு வாய்க்கால், பிறகு வரப்பு. கயிறு கட்டினேன். இரண்டு துண்டாக ஓட்டிக் கூட்டினேன். எட்டில் மூன்று பங்கு, ஏ-யின் நான்காம் அடுக்கு. கண்காணிப்புக்கு வந்தவர் என் விடைத்தாளைக் கடக்கும்போது ஓரத்தில் ‘ஆடு மேயும்’ என்று பென்சிலில் எழுதியிருந்ததைப் பார்த்து நின்றார், ஒன்றும் சொல்லாமல் போனார். ‘ஈ’ கிரேடு வந்தது. தேர்ச்சியில் அதுதான் கடைசிப் படி. வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அப்பா, “எத்தனை மூட்டை?” என்று கேட்டார்.

சிறுநீரகத்துக்கு வருவோம். டாக்டர் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். அம்மா வாழைத்தண்டுச் சாறாக ஊற்றினாள். பத்தொன்பதாவது நாள் கல் வெளியே வந்துவிட்டது. என்னுடையது வெளியே வர மூன்று செமஸ்டர் ஆனதை அப்பா வந்தவர் போனவரிடமெல்லாம் ஒப்பிட்டுச் சொன்னார்.

கல்லைக் கழுவித் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார். போன வாரம் ஊருக்குப் போனபோது திறந்து காட்டினார். ஒரு பக்கம் நேராக, ஒரு பக்கம் வளைவாக, சொரசொரவென்று இருந்தது.

“இது எவ்வளவு இருக்கும்னு உன் கணக்குல போட்டுச் சொல்லு பாப்போம்” என்றார்.

“பரப்பாப்பா?”

“பரப்பு எதுக்கு? மொத்தக் கல்லும்.”

மொத்தக் கல்லுக்கு மூன்று கொக்கி வேண்டும். அதை நான் சாய்ஸில் விட்டிருந்தேன்.