கீழ்த்தளக் கூச்சல்: வீட்டில் விளையாட்டுப் பார்த்தல் குறித்த ஒரு தாமதவியல் ஆய்வு

தோற்றுவாய்

வீட்டில் கிரிக்கெட் பார்க்க எந்த டிவி வாங்குவது என்னும் வினாவுக்கு விடை சொன்னோர் மூன்று சாரார். திரையின் அகலமே முதன்மை என்பார் ஒரு சாரார். நிறமே முதன்மை என்பார் வேறொரு சாரார். விலையே முதன்மை என்னும் மூன்றாம் சாராருக்கு எங்கள் வீட்டில் ஒரே உறுப்பினர். பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். மூவர் கூற்றும் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் துணிபு. டிவியைக் கடையில் நின்று தேர்ந்தெடுப்பது பிழை. சொந்த வீட்டு ஜன்னலைத் திறந்து வைத்து, அக்கம்பக்கத்தைக் காது கொடுத்துக் கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆய்வுக் களம் சென்னை மடிப்பாக்கத்தில் உள்ள ஓர் அடுக்ககம். இரண்டாம் மாடியில் இவ்வாய்வாளர்: 55 அங்குல 4கே டிவி, ஃபைபர் இணைப்பு, ஆண்டுச் சந்தா கட்டிய ஸ்ட்ரீமிங் செயலி. தரைத்தளத்தில், கார்கள் நிற்கும் இடத்தின் ஓரமாக, இஸ்திரி அண்ணன்: மேஜைக்கு மேலே பலகை, பலகையின் மேல் அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குலக் கலர் டிவி, அதற்கு லோக்கல் கேபிள். 2006 தேர்தல் வாக்குறுதி ஒன்று இன்றும் மின்சாரம் குடித்து உயிரோடிருப்பதை அங்கே காணலாம். இரு களங்களுக்கும் இடைத்தூரம் செங்குத்தாக 7 மீட்டர். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். எனவே அண்ணன் போடும் கூச்சல் இரண்டாம் மாடிக்கு வர 0.02 நொடி. அவர் எந்தப் பந்துக்காகக் கத்தினாரோ அந்தப் பந்து என் டிவிக்கு வர ஏறக்குறைய அரை நிமிஷம்.

இந்த அரை நிமிஷமே நம் ஆய்வுப் பொருள்.

முன்னோர் பட்ட பாடு

சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி நாட்டுக்கே கலர் வந்தது. அந்நாளில் தெருவுக்கு ஒரு சாலிடெர் டிவி, இரண்டு தெருவுக்கு ஒரு டயனோரா. அந்த ஒரு வீட்டின் கூடத்தில் ஊரே குந்தியிருந்து பார்த்ததால் எல்லோரும் ஒரே நொடியில் கத்தினார்கள். கூச்சல் முந்தியும் பிந்தியும் வருவதற்கு அன்று வழியே இல்லை. படத்தின் ஒலியை அடக்கிவிட்டு, டிரான்சிஸ்டரில் தமிழ் வர்ணனையைக் கேட்டுக்கொண்டே பார்ப்பதும் உண்டு. சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் குரலை அப்படிக் கேட்டவர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். இன்று அதே வித்தையைச் செயலியோடு செய்து பார்த்தால், வானொலியில் ஆட்டக்காரர் பெவிலியனுக்கே போய்விட்டிருப்பார். திரையில் கையுறையைச் சரிசெய்துகொண்டிருப்பார்.

தாமத வரலாற்றில் முதலிடம் 1983 ஜூன் 18-க்கு உரியது. டன்பிரிட்ஜ் வெல்ஸில் ஜிம்பாப்வேக்கு எதிராக 17 ரன்னுக்கு 5 விக்கெட் என்று இந்தியா தவித்த நிலையில், கபில் தேவ் ஆட்டமிழக்காமல் 175 எடுத்தார். அன்று அதைப் படம் பிடிக்க ஆளில்லை. நம்மவர்கள் அந்த இன்னிங்ஸைத் திரையில் பார்த்தது 2021 டிசம்பர் 24 அன்று ‘83’ என்ற இந்திப் படம் வெளியானபோது. அதுவும் ரன்வீர் சிங் ஆடிக் காட்டியதை. ஆக, தாமதம் 38 ஆண்டு, 6 மாதம், 6 நாள். என் செயலியின் அரை நிமிஷத்தை நினைத்து வருந்தும்போதெல்லாம் இந்தக் கணக்கைப் போட்டு ஆறுதல் அடைவது என் வழக்கம்.

திரை பற்றிச் சில

சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுவோம். கடைக்காரர்கள் விரிவாகவே சொல்லிவிடுகிறார்கள்.

டிவிக் கடையில் கிளி ஓடும், மீன் ஓடும், கரண்டியிலிருந்து தேன் வழியும். கிரிக்கெட் மட்டும் ஓடாது. ஓடினால் விற்காது என்பது என் ஊகம். 4கே திரையில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். வழக்கமான எச்டி ஒளிபரப்பில் வருவதோ சுமார் 21 லட்சம். நான்கில் மூன்று புள்ளிகளை டிவி தானாகவே இட்டுக்கட்டுகிறது. கிளி இறகுக்கு இது பொருந்தும். பந்துக்கு?

மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும் பந்து நொடிக்கு 39 மீட்டர் கடக்கிறது. ஒளிபரப்பு நொடிக்கு 50 படம் காட்டினால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே பந்து 78 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். அந்த 78 சென்டிமீட்டரில் என்ன நடந்திருக்கும் என்று டிவி யோசித்து, நடுவே ஒரு படத்தை வரைந்து செருகுகிறது. அசைவை மென்மையாக்கும் வசதி என்று இதற்குப் பெயர். விளைவாகப் பந்துக்கு வால் முளைக்கும், சில சமயம் மட்டைக்கு அருகே மாயமாகும். செட்டிங்கில் போய் அதை அணைத்துவிடுங்கள், அல்லது ஆகக் குறைவாக வையுங்கள். ‘விவிட்’ என்று ஒன்று இருக்கும், அதையும் மாற்றுங்கள். சேப்பாக்கத்துப் புல் அந்தப் பச்சை இல்லை. 120 ஹெர்ட்ஸ் திரை கிடைத்தால் நல்லது. அங்குலக் கணக்கில் ஒன்றரை மடங்கு தள்ளி உட்கார்ந்தால் போதும்: 55 அங்குலத்துக்கு ஏழு அடி. எங்கள் கூடத்தில் சோபாவிலிருந்து திரைக்கு ஏழடி இருக்கிறது, நடுவில் யாரும் துணி மடிக்காத வரை.

வரி பற்றி ஒரு குறிப்பு. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது. இவ்வாய்வாளர் 2023-லேயே வாங்கியவர். எல்லாம் தாமதமாக நடக்கும் வீட்டில் இது ஒன்றுதான் முந்திக்கொண்டது.

இட்லியும் தோசையும்

இனி மையப் பொருள்.

மைதானத்திலிருந்து படம் செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்குகிறது. செயற்கைக்கோள் 36 ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் நின்றாலும் போக வர கால் நொடிதான். ஆகவே வானத்தின் மேல் குற்றம் இல்லை. கேபிளும் டிடிஎச்சும் அதைச் சுருக்கி, பூட்டி, விரித்துத் தருவதற்குள் இன்னும் சில நொடி போகும். இது தோசைக் கடை: கல்லிலிருந்து நேரே தட்டுக்கு.

ஸ்ட்ரீமிங் இட்லிக் கொப்பரை. ஆட்டத்தை நொடிக்கணக்கில் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு கோப்பாக்கி அனுப்புகிறார்கள். ஒரு துண்டு ஆறு நொடி என்று வையுங்கள். துண்டு முழுதாக நிறைந்தால்தான் கோப்பு கிளம்பும். ஈடு வெந்தால்தான் இலைக்கு வரும் என்பதுபோல. உங்கள் டிவியோ, நடுவில் இணையம் மக்கர் பண்ணினால் படம் நிற்கக் கூடாதே என்று மூன்று ஈட்டைக் கையிருப்பாக வாங்கி வைத்துக்கொண்டுதான் பரிமாறவே தொடங்கும். இதிலேயே 18 நொடி போயிற்று. வேக வைத்த நேரம், ஊர் ஊராக உள்ள சர்வர்களுக்குக் கொண்டுபோன நேரம் எல்லாம் கூட்டினால் அரை நிமிஷம். துண்டைச் சிறிதாக்கித் தாமதத்தைக் குறைக்கும் முறைகள் வந்துவிட்டன. ஆனால் கையிருப்பு குறையும்தோறும் படம் நிற்கும் ஆபத்து கூடும். 2023 நவம்பர் 19 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை ஒரே செயலியில் ஒரே சமயத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். அத்தனை இலைக்கும் பந்தி போடுகிறவன் மூன்று ஈடு கூடுதலாக வைத்திருந்ததைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று இந்தியா தோற்றது வேறு விஷயம்.

அரை நிமிஷம் அற்பம் என்பார்க்கு மறுப்பு: ஐபிஎல்லில் 20 ஓவரை 90 நிமிஷத்துக்குள் வீசி முடிக்க வேண்டும். பந்துக்குச் சராசரி 45 நொடி. அதாவது என் வீட்டில் பந்துவீச்சாளர் ஓடி வரத் தயாராகும்போது கீழ்த்தளத்தில் அந்தப் பந்து முடிந்து, மறு ஒளிபரப்பும் முடிந்திருக்கும். கபடி நிலைமை இன்னும் மோசம். ஒரு ரெய்டுக்கே 30 நொடிதான். பாடிப் போனவர் தொட்டாரா, பிடிபட்டாரா என்பது அவர் கோட்டைத் தாண்டுமுன்பே தெருவுக்குத் தெரிந்துவிடும். செஸ் மட்டும் விலக்கு. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆன ஆட்டத்தை நான் நிம்மதியாகப் பார்த்தேன். கீழ்த்தளத்தில் யாரும் கத்தவில்லை. ஆட்டம் முடிந்ததா என்றே அண்ணனுக்குக் கொஞ்ச நேரம் சந்தேகமாக இருந்தது.

கூச்சல் இலக்கணம்

நம் தருக்க நூல்கள் காட்சி அளவை, கருத்தளவை என்று பிரிக்கும். கண்ணால் கண்டு அறிவது முன்னது. புகையைக் கண்டு நெருப்பை அறிவது பின்னது. ஸ்ட்ரீமிங் காலத்தில் இவற்றின் வரிசை தலைகீழாகிவிட்டது. முதலில் கருதி அறிகிறோம், பிறகு கண்டு சரிபார்க்கிறோம். என் 55 அங்குலத் திரை, கீழே இருக்கும் 14 அங்குலத்துக்கு உரை எழுதுகிறது.

தொல்காப்பியம் கூறும் மெய்ப்பாடு எட்டு. அண்ணனின் கூச்சலில் ஐந்தைப் பிரித்தறிய முடிந்தது. நீண்டு உயரும் ‘ஓஓஓ’ உவகை, சிக்சர். வெட்டி நிறுத்தும் ‘ஏய்!’ வெகுளி, நடுவர் கை விரித்திருப்பார். ‘ஐயய்யோ’ என்பது அச்சமாகவும் இருக்கலாம், அழுகையாகவும் இருக்கலாம். கேட்ச் விட்டதற்கும் விக்கெட் போனதற்கும் அதே சொல்தான். இந்த இருபொருள் நிலையில் நான் அடையும் வேதனையை இலக்கண நூலார் யாரும் பேசவில்லை. ஐந்தாவது பெருமிதம், அதற்கு ஒலியே இல்லை, இஸ்திரிப் பெட்டியை மேஜையில் ‘டக்’கென்று வைக்கும் சத்தம் மட்டும்.

எல்லாவற்றையும்விடக் கொடியது மௌனம். தோனி இறங்கும்போது எழுந்த ஆரவாரம் சட்டென்று அடங்கி, கீழே தண்ணீர் தெளிக்கும் சத்தம் மட்டும் கேட்டால், அதற்கு மேல் நான் எதையும் பார்க்க வேண்டியதில்லை. ஆனாலும் பார்க்கிறேன். அடுத்த முப்பது நொடி, முடிவு தெரிந்த மனிதன் முடிவு தெரியாத மனிதர்களைப் பார்க்கும் நேரம்.

2023 மே 30, அதிகாலை ஒன்றரை மணி வாக்கில், அகமதாபாத்தில் ஐபிஎல் இறுதி ஆட்டம். கடைசி இரண்டு பந்தில் சென்னைக்கு 10 ரன் வேண்டும். என் திரையில் மோஹித் சர்மா பந்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். கீழே ‘ஓஓஓ’. மாமனார் சோபாவிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். “மாப்ளே, சிக்ஸா?” என்றார். “ஆமாம் மாமா” என்றேன். பிறகு இருவரும் ஜடேஜா அதை அடிப்பதற்காகக் காத்திருந்தோம். அடித்தார். நாங்கள் கைதட்டினோம், ரயில்வே அறிவிப்பைக் கேட்டுக் கைதட்டுவதுபோல. அடுத்த பந்துக்குக் கீழே எழுந்த சத்தத்தை எந்த மெய்ப்பாட்டிலும் அடக்க முடியாது. ஜடேஜா ஃபைன் லெக் பக்கம் அந்த நாலைத் தட்டிவிடும் முன்பே மாமனார் எழுந்து படுக்கப் போய்விட்டார்.

தீர்வு முயற்சிகள்

ரூட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது. வெளியே எடுத்து, டிவிக்கு நேரே கம்பி இழுத்தேன். படம் நிற்பது ஒழிந்தது, தாமதம் ஒழியவில்லை. நடுவில் நிறுத்தி வைத்துவிட்டுக் காபி எடுக்கப் போனால் தாமதம் மேலும் சேரும் என்பதால், திரையின் மூலையில் உள்ள ‘லைவ்’ பொத்தானை ஓவருக்கு ஒருமுறை அமுக்குகிறேன். கைபேசியை அணைத்து அலமாரியில் வைத்தேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் திருச்சி அத்தை டிடிஎச் வைத்திருக்கிறார். ஜன்னலைச் சாத்தி ஏசி போட்டேன். பெருமிதம் மட்டும் தரை வழியாக ஏறி வந்தது.

கடைசியாக, எதிர்த்தரப்பைத் தாமதப்படுத்துவது என்ற நுட்பமான வழிக்கு வந்தேன். “அண்ணே, என் வைஃபை பாஸ்வேர்டு தரேன், போன்ல அந்த செயலியப் போட்டுப் பாருங்க. காசு வேண்டாம், என் சந்தாவே போதும்” என்று சொன்னேன். அவர் ஒரு காலரை அழுத்தி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“எதுக்கு சார், பழைய மேட்ச்லாம் பாத்துக்கிட்டு?”

முடிபு

அடுத்த வீட்டில் கேபிள் இருந்தால் நீங்களும் கேபிளோ டிடிஎச்சோ போடுங்கள். அடுத்த வீட்டில் செயலி இருந்தால் நீங்கள் எதுவும் போடலாம். கத்தும் உரிமை உங்களுடையது. திரை எத்தனை அங்குலம் என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி. எனக்கு இது இரண்டு வருஷம் பிந்தித்தான் தெரிந்தது. ஆண்டுச் சந்தா இருக்கும்போது கேபிளுக்கும் கட்டுவதா என்று மூன்றாம் சாரார் கேட்டதற்கு என்னிடம் விடை இல்லை.

ஆகவே, கடைசி ஐந்து ஓவரைத் தரைத்தளத்தில் பார்க்கிறேன். வெறுங்கையோடு போய் நிற்பது முறையல்ல என்பதால் இரண்டு சட்டை எடுத்துக்கொண்டு போவேன். இந்த சீசன் முடிவதற்குள் என் சட்டைகள் எல்லாமே தலா மூன்று முறை இஸ்திரி கண்டுவிட்டன. அதில் பாதி துவைக்காதவை.