டிராகன் வருது, டைப் அடிக்காதே!

கே: ஜப்பானிலிருந்து வரவழைத்த ரோல்பிளேயிங் கேம். ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. அதில் முகம் தெரியாத நாலு பேரோடு கூட்டு சேர்ந்து வேறு ஆட முடியுமா?

ப: ஆடியிருக்கிறார்கள். சேகாவின் ‘ஃபேன்டசி ஸ்டார் ஆன்லைன்’ டிரீம்காஸ்ட் கன்சோலுக்காக 2000 டிசம்பர் 21 அன்று ஜப்பானில் வெளியானது. அமெரிக்கக் கடைகளுக்கு அடுத்த ஜனவரியிலேயே வந்துவிட்டது. ஆனால் ஒரு மாதம் பொறுக்க மாட்டாதவர்கள் எல்லா தேசத்திலும் உண்டு. அவர்கள் ஜப்பான் டிஸ்கையே வாங்கினார்கள். டிரீம்காஸ்ட் லேசுப்பட்டதல்ல, அயல்நாட்டு டிஸ்க் என்று தெரிந்தால் உள்ளே விடாது. அதனால் முதலில் ஒரு ‘பூட் டிஸ்க்’கைப் போட்டுக் கன்சோலை ஏமாற்றி, பிறகு கேமைப் போட்டு, சீரியல் எண்ணைக் கொடுத்து, கன்சோலோடு வந்த மோடத்தைத் தொலைபேசி இணைப்பில் செருகி டயல் செய்ய வேண்டும். இத்தனையும் தாண்டினால் லாபி. அங்கே நிற்பவர்களில் அதிகபட்சம் நான்கு பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து ராகோல் என்ற கிரகத்தில் வேட்டைக்கு இறங்கலாம்.

கே: சேர்ந்த பிறகு பேசுவது எப்படி? கன்ட்ரோலரில் ஏது கீபோர்டு?

ப: கீபோர்டு தனியாக விற்றார்கள். வாங்காதவர்கள் திரையில் தெரியும் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆன்லைனில் ஆட்டத்தை நிறுத்திவைக்கவும் வழியில்லை. ‘பின்னால் பார்’ என்று அடித்து முடிப்பதற்குள் பின்னால் வந்தது முன்னாலும் வந்துவிடும். அடித்தவர் தரையில் கிடப்பார். கூட்டாளி யாராவது ‘மூன் அட்டமைசர்’ வைத்திருந்தால் எழுப்பிவிடலாம். அதற்குள் இன்னொரு வேடிக்கை நடக்கும். டிரீம்காஸ்ட் பதிப்பில் விழுந்தவரின் கையிலிருந்த ஆயுதமும் கூடவே விழும். நல்ல மனதுக்காரர் அதை எடுத்துத் திருப்பிக் கொடுப்பார். மற்றவர் எடுப்பதோடு சரி.

கே: ஜப்பான்காரர் ஜப்பானிய மொழியில் சொல்ல, பிரான்ஸ்காரருக்கு அது பிரெஞ்சில் தெரிந்ததாமே? 2000-ல் அப்படியொரு மொழிபெயர்ப்பு மெஷின் இருந்ததா?

ப: மெஷினும் இல்லை, மாயமும் இல்லை. ‘வேர்ட் செலக்ட்’ என்று ஒரு மெனு. உதவி கேட்க, நன்றி சொல்ல, இந்த இடத்துக்குப் போகலாம் என்று அழைக்க, வாக்கியங்கள் முன்கூட்டியே எழுதித் தயாராக இருக்கும். இடையில் ஒரு பூதத்தின் பெயரையோ பொருளின் பெயரையோ செருகிக்கொள்ளலாம். தொலைபேசிக் கம்பியில் போவது வாக்கியம் அல்ல, அதற்குரிய எண். அந்த எண் போய்ச் சேர்ந்த இடத்தில், அங்குள்ள டிஸ்க் தன்னிடமிருக்கும் வாசகத்தைக் காட்டும். ஜப்பானியம், ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ் என ஐந்து மொழிகள். ஒவ்வொரு வாக்கியத்தையும் மனிதர்களே உட்கார்ந்து ஐந்து முறை எழுதிவைத்திருந்தார்கள் என்பதால் அர்த்தம் அனர்த்தம் ஆகவில்லை. ஜப்பானில் விற்ற டிரீம்காஸ்டின் மோடம் வேகம் விநாடிக்கு 33.6 கிலோபிட்தான். அதற்கும் இந்தச் சிக்கனம் ஒத்துப்போனது.

இதில் கிடைத்த உபரி லாபம் ஒன்று உண்டு. மெனுவில் இருப்பதெல்லாம் வேட்டைக்கு வேண்டிய பேச்சு. அரசியல் விவாதத்துக்கு அதில் இடமில்லை. ஆகவே வேர்ட் செலக்டில் பேசிய அந்நியர்கள் பெரும்பாலும் மரியாதையாகவே பேசினார்கள். சண்டை போட விரும்பியவர்கள் செலவு செய்து கீபோர்டு வாங்க வேண்டியிருந்தது.

கே: ஐந்து மொழிகளில் தமிழ் உண்டா?

ப: இல்லை. இந்தியும் இல்லை. எனவே போராட்டத்துக்கு அவசியம் ஏற்படவில்லை.

கே: ‘சிம்பல் சாட்’ என்பது என்ன?

ப: எழுத்தே வேண்டாம் என்பவர்களுக்கானது. கண், வாய், கோடு, வட்டம் போன்ற வடிவங்களை ஒரு முகத்தின் மேல் ஒட்டவைத்து, சத்தமும் சேர்த்து, தலைக்கு மேல் குமிழியில் காட்டலாம். ஜப்பானில் 1999-ல் வந்த டோகோமோவின் ஐ-மோட் செல்போன்களில் எமோஜி பழகிய தலைமுறைக்கு இது அத்துப்படி. ஐ-மோட் எமோஜி கம்பெனி வரைந்து கொடுத்தது, இது அவரவர் கைவண்ணம். அழகான முகங்கள் வந்தன. இந்தப் பக்கத்தில் விவரிக்க முடியாத உறுப்புகளும் வந்தன.

கே: பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் அதிர்ஷ்டம் வரும் என்கிறார்களே, உண்மையா?

ப: பூமியில் எப்படியோ, ராகோலில் உண்மை! கதாபாத்திரத்துக்கு வைக்கும் பெயரின் ஒவ்வொரு எழுத்துக்கும் கம்ப்யூட்டரில் ஓர் எண் இருக்கிறதல்லவா, அவற்றைக் கூட்டிப் பத்தால் வகுத்து, வரும் மீதியை வைத்து ‘செக்‌ஷன் ஐடி’ தருவார்கள். விரிடியா, ஸ்கைலி, பிங்கல், வைட்டில் என்று மொத்தம் பத்து. எந்தப் பூதத்தை அடித்தால் எந்த அபூர்வ ஆயுதம் விழும் என்பதை இதுதான் தீர்மானிக்கும். குழுவில் நான்கு பேர் இருந்தாலும் அறையைத் திறந்தவரின் ஐடிதான் எல்லோருக்கும் செல்லும். ஆகவே ‘அறையை யார் திறப்பது’ என்பது பெரிய பேச்சுவார்த்தை. வீட்டு வாசலில் பெயர்ப் பலகையை மாற்றிய எண்கணிதப் பிரியர்களுக்கு, சூத்திரம் நிரூபணமான ஒரே கிரகம் இது என்று சொல்லலாம்.

கே: திருடர்கள் இல்லாத ஊரா அது?

ப: திருடர்களுக்கு வசதியான ஊர். பூதம் செத்து விழும் பொருள் முந்தியவர் கைக்கே போகும். கதாபாத்திரம் சேமிக்கப்பட்டது சேகாவின் சர்வரில் அல்ல, ஆட்டக்காரரின் சொந்த மெமரி கார்டில். கஜானா சாவியையே வாடிக்கையாளரிடம் கொடுத்த கதை. ஆயுதங்களை நகலெடுத்தார்கள், இல்லாத ஆயுதங்களை உண்டாக்கினார்கள், பிறருடைய ஆட்டத்தைக் கெடுத்தார்கள். நொந்தவர்கள் ‘கில்ட் கார்டு’ மாற்றிக்கொண்ட நண்பர்களோடு மட்டும், பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய அறையில் ஆடினார்கள்.

கே: ஜப்பானியர்கள் நள்ளிரவில்தான் ஆடுவார்களாமே?

ப: பேய்க்குப் பயப்படாதவர்கள் போன் பில்லுக்குப் பயந்தார்கள். அங்கே உள்ளூர் அழைப்புக்கும் நிமிடக் கணக்கில் கட்டணம். என்டிடி நிறுவனம் 1995-ல் தொடங்கிய ‘டெலிஹோடை’ திட்டத்தில் இரவு 11 முதல் காலை 8 வரை, பதிவு செய்த எண்ணுக்கு எவ்வளவு நேரம் பேசினாலும் ஒரே கட்டணம். டோக்கியோவில் இரவு 11 என்றால் லண்டனில் பிற்பகல் 2, நியூயார்க்கில் காலை 9. ஜப்பான் நண்பரைப் பிடிக்க நினைத்த அமெரிக்க மாணவர் ஒன்று பள்ளிக்கு மட்டம் போட வேண்டும், அல்லது ஞாயிறு வரை காத்திருக்க வேண்டும்.

கே: இப்படியோர் ஆன்லைன் ஆட்டம் என்ற யோசனை யாருடையது?

ப: கட்டாயப்படுத்தியவர் சேகா தலைவர் இசாவோ ஒகாவா. செய்துகாட்டியது யூஜி நாகாவின் சோனிக் டீம். அவர்கள் முதலில் ‘சூசூ ராக்கெட்’ என்ற எலி-பூனை விளையாட்டை 1999-ல் வெளியிட்டு ஆன்லைன் வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். ஃபேன்டசி ஸ்டார் ஆன்லைன் அமெரிக்காவுக்கு வந்த அந்த ஜனவரி கடைசியிலேயே, டிரீம்காஸ்ட் தயாரிப்பை நிறுத்துவதாகச் சேகா அறிவித்தது. ஒகாவா 2001 மார்ச்சில் காலமானார்.

கே: பிறகு வந்தவர்கள் இந்தப் பேச்சு முறையைக் காப்பியடித்தார்களா?

ப: ஸ்கொயர் நிறுவனத்தின் ‘ஃபைனல் ஃபேன்டசி 11’ (2002) இதே சாலையில் போனது. 2003-ல் அமெரிக்கர்கள் நுழைந்தபோது அவர்களுக்குத் தனி உலகம் கொடுக்காமல் ஜப்பானியர்கள் ஆடிக்கொண்டிருந்த சர்வர்களிலேயே இறக்கிவிட்டார்கள். கைகொடுத்தது, வண்ண அடைப்புக்குறிக்குள் தோன்றும் தயார் நிலைச் சொற்றொடர்கள்.

இன்னும் துணிச்சலானது ‘டீமன்ஸ் சோல்ஸ்’ (2009). பிளேஸ்டேஷன் 3-ல் நாட்டுப் பூட்டு இல்லாததால், மேற்கில் வெளிவருமுன்பே ஆசியாவில் விற்ற ஆங்கிலப் பதிப்பை அமெரிக்கர்கள் வரவழைத்து ஆடினார்கள். இதில் சாட்டே கிடையாது. குறிப்பிட்ட சொற்களைக் கோத்துத் தரையில் ஒரு செய்தி எழுதிவைக்கலாம். அது வேறொருவரின் திரையில் தெரியும். அவர் பாராட்டினால், எழுதியவருக்கு அந்த நிமிடமே உடம்பு தேறும். பனிச் சரிவில் சிக்கிய கார்களை முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் தள்ளிவிட்டுப் பேசாமலே பிரிந்ததைக் கண்ட அனுபவமே இதற்கு வித்து என்று இயக்குநர் ஹிதெடகா மியாசாகி சொல்லியிருக்கிறார். ஆனால் மனிதன் மனிதன்தான். கிடைத்த பத்துச் சொல்லை வைத்தே, பாதாளத்தின் விளிம்பில் ‘முன்னால் புதையல்’ என்று எழுதிவைத்தவர்களும் உண்டு.

கே: பழைய டிரீம்காஸ்ட் பரணில் கிடக்கிறது. ஃபேன்டசி ஸ்டார் ஆன்லைனை இன்று ஆட முடியுமா?

ப: ஜப்பானில் சேகா அதன் சர்வரை 2007 மார்ச்சில் மூடிவிட்டது. ரசிகர்கள் தாங்களே சர்வர் நடத்துகிறார்கள். வீட்டில் தொலைபேசிக் கம்பி இல்லையே என்று கவலை வேண்டாம். ‘டிரீம்பை’ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அதை ஒரு ராஸ்பெரி பை குட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றி, யுஎஸ்பி மோடம் ஒன்றைச் செருகி, டிரீம்காஸ்டோடு இணைத்தால், அது தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் போல நடித்து டயல் டோன் கொடுக்கும். டிரீம்காஸ்ட் அதை நம்பி டயல் செய்யும். இந்த முறை இரவு 11 மணிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.