லண்டன் கடிதம்: காருக்கும் உண்டு ஆண்டுத் தேர்வு

பிரிட்டனில் புதுக் காருக்கு மூன்று வயது முடிந்தால் பரீட்சை தொடங்கிவிடும். எம்.ஓ.டி. என்று பெயர். அதன் பிறகு வருஷம் தவறாமல் எழுதித் தேற வேண்டும். ஊரில் சொந்தக் காருக்குப் பதிவுச் சான்று 15 வருஷம் செல்லும். அதுவரை புகைச் சான்றை மட்டும் அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டால் போதும். பிரேக் பிடிக்கிறதா இல்லையா என்பது ஓட்டுபவருக்கும் டாஷ்போர்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையாருக்கும் இடையிலான விஷயம். இங்கே அதிலும் அரசாங்கம் மூக்கை நுழைக்கிறது.

நுழைக்கத் தொடங்கியது 1960இல். எர்னஸ்ட் மார்பிள்ஸ் போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது பத்து வயது தாண்டிய வண்டிகளுக்கு மட்டும் இந்தச் சோதனை வந்தது. பிரேக், விளக்கு, ஸ்டியரிங் என்று மூன்றைத்தான் பார்த்தார்கள். அதிலேயே ஏகப்பட்ட வண்டிகள் கோட்டைவிட்டதால் அடுத்த வருஷமே வரம்பு ஏழு வயதுக்கு இறங்கியது. 1967இல் மூன்றுக்கு வந்து நின்றது. பாடத்திட்டமும் கூடிக்கொண்டே போனது. 1968இல் டயர் சேர்ந்தது. 1977இல் வைப்பர், கண்ணாடி கழுவும் நீர், ஹாரன், புகைக்குழாய், வண்டியின் அடிப்பாகம் எல்லாம் சேர்ந்தன. 1991இல் பெட்ரோல் வண்டியின் புகையையும் மோந்து பார்க்க ஆரம்பித்தார்கள்.

பரீட்சை நடக்கும் இடம் அரசு அலுவலகம் அல்ல, அனுமதி பெற்ற தனியார் ஒர்க்‌ஷாப். நீலப் பலகையில் மூன்று வெள்ளை முக்கோணம் போட்டிருக்கும். ரயில் பாலத்து வளைவுகளுக்கு அடியில் இருட்டுக் குகை மாதிரி இருக்கும் லண்டன் மெக்கானிக் கடைகளிலும் இந்தப் பலகையைப் பார்க்கலாம். காருக்கு அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு, போட்டிக்காகக் குறைத்து வாங்குபவர்களும் உண்டு. சோதிப்பவரே பழுதும் பார்ப்பவர் என்பதால் ஊர்க்காரர்களுக்குச் சந்தேகம் எழுவது இயல்பு. அதற்கும் வழி இருக்கிறது. சில நகராட்சிகள் தங்கள் குப்பை லாரிகளுக்காக வைத்திருக்கும் சோதனைக் கூடங்களில் பொதுமக்களின் காரையும் எடுத்துக்கொள்கின்றன. அங்கே சோதனை மட்டும்தான். பழுது பார்த்துக் காசு பார்க்கும் வேலை இல்லை. விவரம் தெரிந்தவர்கள் அங்கேதான் போகிறார்கள்.

சுமார் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். உருளைமேல் சக்கரத்தை ஏற்றிப் பிரேக்கின் பிடிமானத்தை அளப்பார்கள். வண்டியைத் தூக்கி அடியில் துரு, ஸ்பிரிங், குழாய் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். சீட் பெல்ட்டை இழுத்து விடுவார்கள். ஹாரனை ஒரு தரம் அடிப்பார்கள். இந்த நாட்டில் பல கார்களுக்கு வருஷத்தில் அந்த ஒரு தரம்தான் வாய் திறக்கும் வாய்ப்பு. குடியிருப்புப் பகுதியில் இரவு பதினொன்றரையிலிருந்து காலை ஏழு வரை ஹாரன் அடிக்கக் கூடாதென்று சட்டமே இருக்கிறது. மற்ற நேரத்தில் அடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

அதே சமயம், இஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் நிலைமையை எம்.ஓ.டி. பார்ப்பதே இல்லை. எதையும் கழற்றிப் பார்ப்பதும் கிடையாது. தேர்வில் தேறிய கார் மறுநாளே நடுத்தெருவில் நின்றுவிடலாம். சான்றிதழைக் காட்டிச் சண்டை போட முடியாது. அது சோதனை நடந்த நேரத்து நிலைக்கு மட்டும் சாட்சி. ஆயில் மாற்றி, ஃபில்டர் மாற்றி, பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் சர்வீஸ் என்பது வேறு செலவு, வேறு நாள். புதிதாகக் குடியேறியவர்கள் இரண்டையும் ஒன்றென்று எண்ணி, எம்.ஓ.டி. முடித்த கையோடு சர்வீஸும் முடிந்ததாகத் திருப்திப்பட்டுக்கொள்வது பரவலான வழக்கம்.

மீதி 364 நாளும் வண்டியைக் கவனிக்க வேண்டியவர் சொந்தக்காரர்தான், ஏனென்றால் வேறு ஆள் கிடையாது. பெட்ரோல் பங்கில் பம்பைப் பிடிப்பதே அவரவர் கை. முன்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பத்து ரூபாய்க்குத் தலையைச் சொறியும் பையன் இல்லை. டிரைவர் அண்ணன் இல்லை. தெருமுனையில் பஞ்சர் கடையும் இல்லை. பல புதுக் கார்களில் ஸ்டெப்னியே இல்லை. அதற்குப் பதில் டிக்கியில் ஒரு பாட்டில் பசை வைத்து அனுப்பிவிடுகிறார்கள். இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்தோ என்னவோ, ஓட்டுநர் உரிமத் தேர்விலேயே பரிசோதகர் கேட்கிறார்: டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று எங்கே பார்ப்பாய்? ஆயில் அளவை எப்படிச் சரிபார்ப்பாய்? ஊரில் இருபது வருஷம் ஓட்டியவர்களும் பானெட்டைத் திறக்கும் கைப்பிடி எந்தப் பக்கம் என்று தேடிப் பழகுவது அந்தத் தேர்வுக்காகத்தான்.

வீட்டில் செய்யும் சோதனையில் முதலில் விளக்கு. எம்.ஓ.டி.யில் தோற்பதற்குச் சில பவுண்டு பல்பு ஒன்று போதும். முன்விளக்கையும் இண்டிகேட்டரையும் தனியாகவே சுற்றிவந்து பார்த்துக்கொள்ளலாம். பிரேக் விளக்குக்குத்தான் இரண்டு பேர் தேவை. ஞாயிற்றுக்கிழமை காலை, கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாம் பக்கத்துத் தெரு ஒன்றில், கணவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிப்பார். மனைவி குளிருக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு பின்னால் நிற்பார். "ஏங்க, இந்தப் பக்கம் எரியல." "எந்தப் பக்கம், இடமா வலமா?" "எனக்கு இடம், உங்களுக்கு எதுவோ." எதிர்வீட்டு ஜன்னலில் திரை ஒரு அங்குலம் விலகும். தனியாளாக இருப்பவர்கள் இரவில் ஒரு கடைக் கண்ணாடியின் முன் பின்புறத்தைக் காட்டி நிறுத்தி, கண்ணாடியில் தெரியும் சிவப்பை எண்ணிக்கொள்கிறார்கள். இடம், வலம், மேலே ஒன்று, ஆக மூன்று எரிய வேண்டும்.

அடுத்து டயர், காசும் உயிரும் அதிகம் தொங்குவது இதில். சட்டப்படி டயரின் நடு முக்கால் பகுதியில், சுற்றளவு முழுவதும், பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அளக்கக் கருவி வேண்டாம். ஏழு மூலை கொண்ட 20 பென்ஸ் நாணயத்தைப் பள்ளத்தில் செங்குத்தாகச் செருகினால், நாணயத்தின் ஓரத்தில் இருக்கும் தடித்த கரை உள்ளே மறைய வேண்டும். கரை தெரிந்தால் டயர் கடைக்குப் போகும் நேரம். ஒரே இடத்தில் செருகிப் பார்த்தால் போதாது. சுற்றிலும் மூன்று இடம் பார்க்க வேண்டும். உள்பக்க விளிம்பு நின்று பார்த்தால் தெரியாது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவிட்டுக் குனிந்தால்தான் தெரியும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. ஒரே ஓரம் என்றால் அலைன்மென்ட் போய்விட்டது. குளிர்காலம் முடிந்து சாலையெல்லாம் குழியாக இருக்கும்போது பக்கச்சுவர் வீங்கியிருக்கிறதா என்றும் தடவிப் பார்க்க வேண்டும். சாலைக் குழி தமிழ்நாட்டின் ஏகபோகச் சொத்து என்ற நம்பிக்கை இங்கே வந்த முதல் மார்ச் மாதத்திலேயே போய்விடும்.

தேய்ந்த டயருடன் பிடிபட்டால் ஒரு டயருக்கு 2,500 பவுண்டு வரை அபராதம், உரிமத்தில் மூன்று புள்ளி. நான்கும் தேய்ந்திருந்தால் கணக்கு 10,000 பவுண்டும் 12 புள்ளியும். மூன்று வருஷத்துக்குள் 12 புள்ளி சேர்ந்தாலே உரிமம் பறிபோகும் என்பதால், நான்கு மொட்டை டயர் ஒரே நாளில் மனிதரைப் பஸ் பயணியாக்கிவிட வல்லவை.

காற்றழுத்தத்தை மாதம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். எவ்வளவு என்பது டிரைவர் கதவின் நிலையிலோ பெட்ரோல் மூடியின் உள்ளேயோ ஒட்டியிருக்கும். அதில் இரண்டு கணக்கு இருக்கும்: சும்மா போவதற்கு ஒன்று, பாரம் ஏற்றிப் போவதற்கு ஒன்று. பெரியவர்கள் ஐந்து பேரும் புளியோதரைத் தூக்கும் மூன்று பெட்டியுமாக பர்மிங்காம் பக்கத்து பாலாஜி கோயிலுக்குக் கிளம்பும் வண்டிக்கு இரண்டாவது கணக்கு. ஊர்ப் பங்கில் காற்று இலவசம். இங்கே பல இடங்களில் காற்றுக்கும் காசு. காசு விழுந்ததும் இயந்திரம் நிமிஷத்தை இறங்குமுகமாக எண்ணத் தொடங்கும். நான்கு சக்கரத்து வால்வ் மூடியையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகே காசு போடுவது அனுபவசாலிகளின் முறை. முதல்முறை வருபவர்கள் மூன்றாவது சக்கரத்தில் இருக்கும்போதே காற்று நின்றுவிடும்.

கண்ணாடி கழுவும் நீர் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் அது பீய்ச்சவில்லை என்றால் எம்.ஓ.டி. போச்சு. குளிர்காலத்தில் சாலையில் உப்பைத் தூவுவதால், முன்னே போகும் லாரி ஒரு முறை தெளித்தால் கண்ணாடியில் வெள்ளை படிந்து வழி மறையும். வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் இரண்டு கெடுதல். ஒன்று, உறைந்துவிடும். மற்றொன்று, வெதுவெதுப்பாகத் தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற நிமோனியாக் கிருமி வளரலாம். சோப்புத் திரவம் சேர்க்காத தண்ணீருக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதாக இங்கிலாந்தின் பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் 2010இல் எழுதினார்கள். கடையில் விற்கும் நீலத் திரவம் இரண்டுக்கும் மருந்து. அதை ஊற்றும் வாய், வைப்பர் படம் போட்ட மூடி. பக்கத்திலேயே இருக்கும் ரேடியேட்டர் கூலன்ட் மூடியை அவசரத்தில் திறந்துவிடக் கூடாது. இஞ்சின் சூடாக இருக்கும்போது தொடவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும். பனி மூடிய கண்ணாடியைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கெட்டிலில் கொதித்த நீரை ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடலாம்.

ஆயில் பார்ப்பது ஊரில் லாரி கிளீனர் செய்யும் அதே வேலை. சமதரையில் நிறுத்தி, இஞ்சின் ஆறி ஆயில் கீழே இறங்கும்வரை பொறுத்து, குச்சியை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்தால் இரண்டு குறிக்கும் நடுவே எண்ணெய்க் கோடு தெரிய வேண்டும். குறையாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவது. மேல்குறியைத் தாண்ட விடக் கூடாது. குச்சியே இல்லாத புது மாடல்கள் திரையில் சொல்லிவிடும், நம்புவது தவிர வழியில்லை.

பாட்டரிதான் தமிழர்களைக் குறிவைத்து அடிப்பது. வார நாளெல்லாம் டியூப் ரயிலில் வேலைக்குப் போய்விட்டு, சனிக்கிழமை மட்டும் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு இரண்டு மைல் கூட்டிப்போகும் காருக்கு பாட்டரி ஏறவே நேரம் கிடைப்பதில்லை. குளிரில் அதன் வலு குறையும், இஞ்சின் ஆயிலும் கெட்டிப்படும். ஜனவரிக் காலையில் சாவியைத் திருகினால் கிளிக் என்ற ஒரு சத்தத்தோடு சரி. பிறகு 1897இல் தொடங்கிய ஆர்.ஏ.சி.க்கோ 1905இல் தொடங்கிய ஏ.ஏ.வுக்கோ போன் செய்து, சந்தா கட்டியிருந்தால் வண்டி வரும்வரை வாசலில் காத்திருக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது அரைமணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வருவதும், ஐந்து வயதான பாட்டரியை நவம்பரிலேயே சோதித்துக்கொள்வதும் மலிவான வைத்தியம்.

சோதனைக்கு, சான்று முடியும் தேதிக்குக் கிட்டத்தட்ட ஒரு மாதம் முன்பாகவே போகலாம். பழைய தேதி அப்படியே தொடரும். 2018இலிருந்து குறைகளை மூன்று தரமாகப் பிரித்திருக்கிறார்கள். சிறு குறை என்றால் தேறிவிடும். பெரிய குறை என்றால் தோல்வி. அபாயக் குறை என்றால் சரிசெய்யாமல் சாலையில் இறக்கவே கூடாது. இவை தவிர, "இது சீக்கிரம் தேயும்" என்று ஆலோசனைக் குறிப்பும் எழுதுவார்கள். அதே ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டுப் பழுது பார்த்தால், பத்து வேலை நாளுக்குள் மறுசோதனை இலவசம். சான்று இல்லாமல் ஓட்டினால் 1,000 பவுண்டு வரை அபராதம். சாலை வரியும் கட்ட முடியாது. கண்ணாடியில் ஒட்டும் வரி வில்லையை 2014இலேயே ஒழித்துவிட்டார்கள். நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமராவுக்கு எல்லாம் தெரியும்.

2005இலிருந்து முடிவுகள் கணினியில் ஏறுகின்றன. நம்பரைத் தட்டினால் எந்தக் காரும் எந்த வருஷம் எதில் தோற்றது, அப்போது எத்தனை மைல் ஓடியிருந்தது என்று யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பழைய கார் வாங்குவோர் பெண் வீட்டார் ஜாதகம் பார்ப்பதுபோல் இதை வரிவரியாகப் பார்க்கிறார்கள். போன வருஷம் 80,000 மைல் காட்டிய மீட்டர் இந்த வருஷம் 60,000 காட்டினால் பேச்சுவார்த்தை அங்கேயே முறிந்துவிடும்.

வட அயர்லாந்தில் மட்டும் ஏற்பாடு வேறு. அங்கே முதல் சோதனை நான்கு வயது முடிந்தால், அதுவும் அரசாங்கத்தின் சொந்தக் கூடங்களில். 2020 ஜனவரியில் அந்தக் கூடங்களில் காரைத் தூக்கும் லிஃப்டுகளிலேயே விரிசல் கண்டுபிடித்துச் சோதனைகளை நிறுத்திவைத்தார்கள். அத்தனை கார்களையும் தோற்கடித்த கூடமே பரீட்சையில் தோற்றதில் அங்குள்ள கார்க்காரர்கள் அடைந்த ஆனந்தத்துக்கு அளவில்லை.

பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் 40 வயதைக் கடந்த காருக்கு எம்.ஓ.டி. வேண்டியதில்லை. ஆனாலும் அதை ஆபத்தான நிலையில் ஓட்டிப் பிடிபட்டால் 2,500 பவுண்டு வரை அபராதம் உண்டு. வயதில் மூத்ததென்று சலுகை கிடையாது.